பாதியில் நின்ற ஜெபம்

நாரணாபுரத்திலிருந்து எஸ்தர் எழுதுகிறேன், எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் செல்வராஜ் பட்டாசு ஆலைக்குப் போய்வந்தார். தீபாவளி சீசனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆளில்லாத பக்கத்து அறையில் வெடிமருந்து வெடித்தது. கதவுப் பலகை தெறித்து வந்து அவருடைய முழங்காலுக்குப் பின்னால் அடித்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வரும் வழியிலேயே ஆலை ஆட்கள் வேனில் வைத்து, மருந்துக்கறை தெரியாதபடி அவருக்கு முகம் கழுவி, வேறு சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். போர்மேன் என்னை ஓரமாக அழைத்தார்.

"பைக்குல வர்றப்ப விழுந்துட்டாகன்னு சொல்லிருங்கக்கா. வெடின்னு வாயத் தொறந்தீக, கம்பெனிக்குச் சீல் வச்சிருவாக. அம்புட்டுப் பேரும் சோத்துக்கு எங்கன போறது?"

பயத்தில் தலையாட்டிவிட்டேன். டாக்டர் கேட்டபோது அதையே ஒப்பித்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை. சின்னக் காயம்தான் என்று தையல் போட்டார்கள்.

மதியம் இரண்டு மணி இருக்கும்.

"எஸ்தரு, காலு மரத்துப்போச்சு. விரலு இருக்கான்னு பாரு" என்றார்.

விரல்கள் இருந்தன. ஆனால் வெளுத்துப்போய், ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தன. கிள்ளினேன். அவருக்குத் தெரியவே இல்லை. எங்கள் தெருவில் வெடியில் கால் போனவர் ஒருவர் இருக்கிறார். அவர் மரக்கட்டையை ஊன்றி நடக்கும் சத்தம் அப்போது என் காதில் கேட்டது.

கட்டிலோரம் முழங்கால் போட்டேன். போர்மேன் பக்கத்திலேயே நின்றார். எங்கள் வழக்கப்படி வாய்விட்டுத்தான் ஜெபித்தேன். "ஆண்டவரே, பைக்குல விழுந்த என் வீட்டுக்காரருக்கு..."

அதற்குமேல் நாக்கு எழவில்லை. யாரிடம் போய்ப் பொய் சொல்கிறேன்! ஆமென்கூடச் சொல்லவில்லை. போர்மேன் கூப்பிடக் கூப்பிட டாக்டரிடம் ஓடினேன்.

"பைக்கு இல்ல சார், வெடி. பலகை தெறிச்சு அடிச்சிருச்சு. நான் பொய் சொல்லிட்டேன் சார்."

டாக்டர் திட்டவில்லை. ஓடிவந்து பாதத்தில் நாடி பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பலகையின் மரச்சிராம்பு உள்ளே தைத்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும் என்று சொல்லி, நரம்பில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்த மூடிய கதவுக்கு வெளியே நான் நின்ற நேரத்தை எப்படிச் சொல்வது? ஆண்டவரை "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். தொடையில் ரத்தக்குழாய் விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஓடியது. முழங்காலுக்குக் கீழே நூலாக இளைத்திருந்தது.

"சிராம்பு குழாயை அழுத்திக்கிட்டு இருக்கும்மா. பாதத்துக்கு இன்னும் கொஞ்சம் ரத்தம் போய்க்கிட்டிருக்கு. சாயங்காலம்வரை விட்டிருந்தா காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும்."

உடனே மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் அவர் பெருவிரலை அசைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். தெருவில் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் வருத்தம்தான். இப்போது அவர் என்னோடு காலண்டர் வேலைக்கு வருகிறார். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தாலும், சொந்தக் காலில் நடக்கிறார்.

பிரியமானவர்களே, ஆண்டவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பயமாக இருந்தால் பயம் என்றே சொல்லுங்கள். உண்மையைச் சொல்ல என் வாயைத் திறந்துவிடும் என்று நான் வேண்டப் போகவில்லை. பொய் சொன்ன என் வாயை ஆண்டவரே முதலில் அடைத்தார். அதில்தான் என் வீட்டுக்காரரின் கால் பிழைத்தது.