உள்ளங்காலில் வந்து தங்கிய மாப்பிள்ளை

நீச்சல் குளத்தில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். குளத்தில் இறங்க வருகிற யாராக இருந்தாலும் முதலில் அவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் தூக்கிக் காட்ட வேண்டும். மாஸ்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். மரு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். ஈரத்தரையில் ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்கு அது தொற்றிக்கொள்ளும் என்பதால் இந்தக் கெடுபிடி. குளத்தைத் திறந்துவைக்க வந்த பெரிய அதிகாரியே காலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் ரிப்பன் வெட்டினார்.

அப்படிப்பட்ட மாஸ்டருக்கு ஒருநாள் நடக்கும்போது குதிகாலுக்குப் பக்கத்தில் சுருக்கென்றது. செருப்பில் கல் என்று நினைத்து உதறினார். கல் விழவில்லை. வீட்டுக்கு வந்து காலைத் தூக்கிப் பார்க்க முயன்றார், தொப்பை விடவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள்தான் கீழே உட்கார்ந்து பார்த்தாள்.

"கால் ஆணியாம்மா?" என்றார்.

"ஆணி இல்லப்பா. ரெண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினா வலிக்குது பாருங்க. உள்ள கறுப்பு கறுப்பா புள்ளி வேற இருக்கு. மருதான்."

"எனக்கா?" என்று கேட்ட மாஸ்டரின் முகம் செத்துப்போயிற்று.

அவர் காலைப் பரிசோதிக்க ஆள் கிடையாது. பேசாமல் இறங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மறுநாள் காலை, மாணவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்க, மாஸ்டர் தாமே ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவரில் சாய்த்த கண்ணாடிக்கு நேராகத் தம் காலைத் தூக்கி டார்ச் அடித்தார். "மரு இருக்கு. வெளிய போய் நில்லு. வெட்கமா இல்ல?" என்று கண்ணாடியைப் பார்த்து அதட்டிவிட்டு, ஷூ மாட்டிக்கொண்டு கரையில் போய் நின்றார்.

அன்று முதல் பாடம் எல்லாம் கரையில்தான். பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு தவளை மாதிரி கைகால் அடித்துக் காட்டுவார். வேலி ஓரமாகப் போன ஒரு பெண்மணி, யாருக்கோ வலிப்பு வந்துவிட்டதென்று சாவிக்கொத்தோடு ஓடிவந்தார்.

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. மகள் கடையிலிருந்து மரு மருந்து வாங்கிவந்தாள். நகப்பூச்சுப் பாட்டில் மாதிரி சின்ன பாட்டில், மூடியிலேயே தூரிகை. சாயங்காலம் காலை வெந்நீரில் ஊறவைத்து, மேல் தோலை உப்புத்தாளால் தேய்த்து, சுற்றிலும் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. "உள்ள ஆசிட்தான்பா இருக்கு. அவசரப்பட்டா நல்ல தோலும் வெந்துபோயிடும். மாசக்கணக்குல ஆகும், பொறுமையா இருங்க."

மாஸ்டரின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். அவருக்குப் பொறுமை, ஆசிட் இரண்டிலுமே நம்பிக்கை இல்லை. அளவு கொடுக்க வந்த யாரோ சொன்னார்கள் என்று, வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தை மருவில் பதித்துக் கட்டி, அதன்மேல் சாக்ஸும் போட்டுவிட்டார். ஊரெல்லாம் வாழைப்பழத் தோலைப் பார்த்து விலகி நடக்க, மாஸ்டர் மட்டும் அதைக் காலிலேயே கட்டிக்கொண்டு நடந்தார். கட்டு அவிழ்ந்து, சாக்ஸ் நழுவி, சமையலறையில் விழுந்தும் வைத்தார்.

அடுத்து வந்தது மனைவியின் தம்பி. பஞ்சர் கடைக்காரர். அக்காள் வீட்டில் எது பழுதானாலும் முதல் ஆளாக வந்துவிடுவார். மாமாவின் காலை வாளித் தண்ணீரில் அமுக்கி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடா பாக்குற?" என்றார் அக்காள்.

"காத்து முட்டை வருதான்னு பாக்குறேன்க்கா. பழக்கதோஷம்."

பிறகு காலைத் துடைத்து, சாம்பல் நிறத் தடிமனான டேப்பை இறுக்கி ஒட்டினார். காற்று போகிற வழியை அடைத்தால் மரு மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்பது அவர் கட்சி.

இத்தனை செய்தும் மரு அசையவில்லை. மனைவிக்கு ஒருநாள் அலுத்துவிட்டது. "வேளாவேளைக்கு வெந்நீர் வைக்கணும், ஆளாளுக்கு எதிர்ல உக்காந்து கவனிக்கணும், கோவமா ஒரு வார்த்தை சொல்ல முடியாது, கிளம்புற நினைப்பும் கிடையாது. மாப்பிள்ளை கெட்டது போங்க!" என்றார். அதிலிருந்து வீட்டில் மருவுக்கு மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது.

பக்கத்து ஃபிளாட்டில் இருந்தவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். நடுவில் மெல்லிய சுவர். அவருக்குக் காதும் கூர்மை, குரலும் கணீர். மாஸ்டர் வீட்டில் கல்யாண வயதில் ஒரு மகள் இருப்பது அவருக்குத் தெரியும். கல்யாணம் நடந்ததாகத் தெரியாது. அப்படியிருக்க, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் பேச்சு வந்தது.

"மாப்பிள்ளைக்கு வெந்நீர் வச்சாச்சா?"

"வச்சாச்சு. தோல் நல்லா ஊறிடுச்சு, சுரண்டலாம்."

"இன்னிக்கு ஆசிட் கொஞ்சம் கூடவே ஊத்துவோமா?"

"வேணாம்பா, பக்கத்துல எல்லாம் பட்டுடும்."

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தவர், ஒரு மாலை பஞ்சர் கடைக்காரரின் குரலையும் கேட்டார். "நல்லா இறுக்கி டேப் ஒட்டிட்டேன்க்கா. இனி மாப்பிள்ளை மூச்சு விட மாட்டார்."

அறிவிப்பாளர் அம்மாள் போலீசுக்குப் போன் போட்டுவிட்டு மாடிப்படியில் வந்து நின்றார். "குடியிருப்போர் கவனத்திற்கு! இரண்டாவது மாடியில் ஒரு மனிதர் சித்திரவதை செய்யப்படுகிறார்!" மூன்று மாடியிலும் கதவுகள் திறந்தன.

கான்ஸ்டபிள் வந்தபோது பின்னால் ஒரு கூட்டமே நின்றது. வாளியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த மாஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இந்த வீட்ல மாப்பிள்ளை யாராவது இருக்காரா?"

மாஸ்டருக்குப் பொய் வராது. "இருக்காருங்க."

"அவரை அடைச்சு வச்சிருக்கீங்களாமே?"

"நாங்க எங்க அடைச்சோம்?" என்று மனைவி முன்னால் வந்தார். "அவராத்தான் வந்தார். போகச் சொன்னாலும் போக மாட்டேங்கிறார்."

"டேப் ஒட்டினது நான்தான் சார்," என்று பஞ்சர் கடைக்காரர் கையைத் தூக்கிவிட்டார்.

"இப்ப அவர் எங்க?"

"கால்லதான் இருக்கார்," என்றார் மாஸ்டர்.

"கால்ல விழற அளவுக்கு என்னய்யா பண்ணீங்க அந்த ஆளை?"

அந்த நேரம் பார்த்து மகள் வேலையிலிருந்து வந்தாள். அறிவிப்பாளர் அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டார். "பயப்படாதம்மா. உன் புருஷனைக் காப்பாத்த ஆள் வந்தாச்சு."

"யார் புருஷன்?"

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து, ஈரக்காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, டேப்பை உரித்துவிட்டு டார்ச்சைக் கான்ஸ்டபிளிடம் நீட்டினார். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா?"

"இவர்தாங்க."

அறிவிப்பாளர் அம்மாளும் குனிந்தார். இவ்வளவு தூரம் வந்தபின் ஒன்றும் சொல்லாமல் போக அவருக்கு மனமில்லை. "பாவம், ரொம்ப வாடித்தான் போயிருக்கார்," என்றார்.

கூட்டத்தை விரட்டிவிட்டுக் கான்ஸ்டபிள் கதவைச் சாத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தம் பூட்ஸைக் கழற்றினார். "எனக்கும் ஒருத்தர் வந்து சேர்ந்திருக்கார்மா. அந்த மருந்து பேரு என்ன?"

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டாள் மகள்.

"இருக்கு."

"அப்ப நீங்களா கை வைக்கவே கூடாது. நேரா டாக்டர்கிட்ட போங்க."

"சொந்தமா ஒரு மாப்பிள்ளைக்குச் செய்யக்கூட எனக்குக் கொடுத்துவைக்கல," என்று முனகியபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

அதன்பின் மகள் சொன்னபடி மட்டுமே செய்தார்கள். ஒரு மாலை தேய்க்கும்போது கறுப்புப் புள்ளிகள் கழன்று வந்துவிட்டன. அடியில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல். அதன்மேல் பாத ரேகைகள் அறுபடாமல் ஓடின. மாஸ்டர் அன்று காலைத் தரையில் அழுத்தி அழுத்தி வீடு முழுக்க நடந்தார். வாழைப்பழத் தோல்தான் வேலை செய்தது என்று மனைவி சொன்னார். தம்பி அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்.

ஆனால் மாடிப்படியில் கிளம்பிய பேச்சு லேசில் அடங்கவில்லை. சில மாதம் கழித்து மகளைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. வருகிற வழியில் என்ன கேள்விப்பட்டார்களோ, பையனின் தாய்மாமன் உட்கார்ந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"இந்த வீட்ல ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருந்தாராமே?"

"ஆமாங்க," என்றார் மாஸ்டர், மனம் நிறைந்து. "தேய்ச்சுத் தேய்ச்சு ஒருவழியா உதிர்த்துட்டோம்."

அவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். மாஸ்டர் பின்னாலேயே ஓடி, காலைத் தூக்கிக் காட்டி விளக்கப் பார்த்தார். அவர்கள் இன்னும் வேகமாகப் படியிறங்கினார்கள்.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நிறுத்த முடியவில்லை. "விடுங்கப்பா," என்றாள் மூச்சு வாங்க. "அந்தப் பையன் வந்ததிலேர்ந்து ஃபோனையேதான் பாத்துட்டிருந்தான். எனக்கும் பிடிக்கல."

மாஸ்டர் அந்த டீயை எடுத்து மீதியைக் குடித்தார்.