கோட்டோரச் சூடு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ் கூட்டேரிப்பட்டில் பஞ்சராகி நிற்கிறது. டயர் மாற்றும்வரை பொழுதுபோக வேண்டுமே என்று பக்கத்திலிருக்கும் சரளைக்கல் மைதானத்துக்குப் போகிறேன். கால்பந்தாட்டம் நடக்கிறது. கொளுத்தும் வெயிலில் வேடிக்கை பார்க்கிற அத்தனை பேரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். புளியமரத்தடியில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க சார்," என்கிறார் பக்கத்தில் நிற்கும் சைக்கிள் கடைக்காரர்.

"எதுக்குங்க?"

"அதோ ஓடுறாரே, எங்க அந்தோணி. இருபது வருசமா எங்க டீமுக்கு வெறுங்கால்லயே ஆடிக்கினு இருக்காரு. இன்னியோட நிறுத்திக்கிறாரு. இன்னிக்கு ஒரு நாளாவது அந்தச் சூடு எங்களுக்கும் தெரியட்டும் சார்!"

கழற்றுகிறேன். இரண்டே நிமிடத்தில் கால் மாற்றிக் கால் மாற்றித் தவிக்கிறேன். நரைத்த தலை அந்தோணியோ அதே சரளையில் மூன்று பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோகிறார்.

இடைவேளை விசில். எதிரணியான திண்டிவனத்துக்காரர்கள் செருப்புக் குவியலைப் பார்த்து விசாரிக்கிறார்கள். பிறகு அவர்களுடைய கேப்டன் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறார். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்காருகிறார்கள். பதினோரு ஜோடி பூட்ஸும் புளியமரத்தடிக்கு வந்து சேர்கின்றன.

பஸ் ஹாரன் அடிக்கிறது. போகச் சொல்லிக் கை காட்டுகிறேன்.