மூன்று புள்ளி வைத்த வனிலாக் காய்

வனிலாக் காயை வாங்குவதற்கு முன் விரலில் சுற்றிப் பார்க்க வேண்டும். முறியாமல் வளைய வேண்டும், விரலில் லேசாக எண்ணெய்ப் பசை ஒட்ட வேண்டும். சருகாக நொறுங்கினால், இதில் நீங்களே கேக் போட்டுச் சாப்பிடுங்கள் என்று கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். மேலே வெள்ளையாகப் படிந்திருந்தால் பதறத் தேவையில்லை. வெளிச்சத்தில் ஊசி ஊசியாக மினுங்கினால் நல்ல காய். பஞ்சு மாதிரி மங்கிக் கிடந்தால் பூஞ்சணம். இதெல்லாம் நான் பல கேக்குகளைக் கெடுத்துக் கற்றது.

பிறகு விலை கொடுத்து வாங்கும் தேவையே இல்லாமல் போனது. அக்கா வளர்க்கத் தொடங்கினாள்.

கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் அம்மாவும் கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அக்காவும் அத்தானும் மேல் லயத்தில். போர் நின்று, ரேடியோவில் சமாதானப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னாலுள்ள வேலி மரங்களில் அக்கா வனிலாக் கொடியை ஏற்றிவிட்டிருந்தாள். அந்தப் பூ காலையில் விரியும், மதியத்துக்குள் வாடும். எங்கள் ஊர்ப் பூச்சி எதற்கும் அதைக் காயாக்கத் தெரியாது. ஆள்தான் ஈர்க்குச்சியால் உள்ளே இருக்கும் மெல்லிய தோலைத் தூக்கி, மகரந்தத்தை அழுத்திவிட வேண்டும். மனிதக் கை படாமல் ஒரு காய்கூடப் பிடிக்காது. அப்போது வனிலாவுக்கு நல்ல விலை என்பதால் கொடியிலேயே திருடுவார்கள். அதனால் அக்கா பச்சைக் காயின் நுனியில் குண்டூசியால் மூன்று புள்ளி குத்துவாள். காய் பதமாகிக் கறுத்த பிறகும் அந்தத் தழும்பு போகாது.

அந்த வருடம் பூவெல்லாம் தொட்டு, பிஞ்சுகளுக்குப் புள்ளியும் வைத்து முடித்திருந்தாள். பிறகு மழை வந்தது. மேல் லயத்தின் கடைசிக் காம்பராக்களை மலை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. அத்தான் அன்று ரப்பர் பக்டரியில் வேலைக்கு நின்றதால் தப்பினார். எவ்வளவு மண்ணை அள்ளியும் அக்கா கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. "பொணத்த காட்டு, வைக்கிறேன்," என்றார். ஆனால் அக்கா தொட்ட காய்கள் கொடியில் வளர்ந்துகொண்டே இருந்தன. அவள் போய் எத்தனையோ மாதம் கழித்து அவை முற்றின. சுடுநீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, வெயில் காட்டி நான்தான் பதப்படுத்தினேன். மாவனல்லை முஸ்லிம் கல்யாண வீடுகளுக்குக் கேக் செய்து அனுப்புவதால் காயைச் சாராயத்தில் ஊறப்போட மாட்டேன். கீறி, விதையை வழித்து மாவில் கலந்துவிட்டு, தோலைச் சீனிப் போத்தலில் புதைத்து வைப்பேன். ஒரு சில காய்களை மட்டும் கீறாமல் எண்ணெய்த் தாளில் சுற்றி, இறுக்கி மூடிய போத்தலில் தனியாக வைத்தேன். அவற்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த பருவத்தில் நான் கொடிப் பக்கமே போகவில்லை. விறகு பொறுக்கப் போன ஒரு நாள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய்கள் தொங்கின. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் மூன்று புள்ளி.

விறகை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன். அம்மா சாவகாசமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "காய்ச்சிருக்கா? அவ எங்கயும் போகலன்னு நான்தான் சொன்னேனே. அவ வந்து போறா," என்றார். அதன்பிறகு எங்கள் வீட்டில் நிம்மதியே இல்லை. சீனிப் போத்தலை மூடி வைத்திருந்தாலும் காம்பராவில் வனிலா மணக்கும். பின் கதவுப் பக்கம் காலடி கேட்டதாகத் தோன்றும். பக்கத்துக் காம்பராக்காரர்கள் அந்த வழியால் தண்ணீருக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். பேயாவது பிசாசாவது என்று ஊரைக் கேலி செய்கிற நான், பகலில்கூடப் பின் கதவைச் சாத்தி வைத்தேன்.

மறுபடி பூத்தபோது பயத்தை விழுங்கிக்கொண்டு விடிந்ததும் எழுந்தேன். அம்மாவின் பாய் காலியாக இருந்தது. பனிமூட்டத்தில் கொடியடியில் ஒரு உருவம், தலையில் அக்காவின் சிவப்புத் துண்டு. உருவம் ஒரு பூவைத் தொட்டது. பிறகு பக்கத்தில் யாரும் இல்லாத இடத்துக்கு ஈர்க்குச்சியை நீட்டி, "இத நீ தொடு கண்ணு," என்றது.

அம்மாவின் குரல்தான். பேயைப் பார்த்திருந்தால் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "காய் வரலைன்னா நீங்க கருமாதி வச்சிருவீங்க. மாப்ள கிட்ட சொல்லிராத," என்றார். நான் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அத்தான் வந்தார். நன்றாக இளைத்திருந்தார். "அத்த, அவள நல்லபடியா அனுப்பி வச்சிருவோம். நாள் குறிக்கிறேன். எனக்குத் தூக்கமே இல்ல," என்றார். அம்மா உள்ளே போய், தானே பதப்படுத்தி வைத்திருந்த போன பருவத்துக் காய்களைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

அத்தான் ஒன்றை எடுத்து நுனியைத் தடவினார். அவர் கை நின்றது. என் போத்தலில் இருந்தவற்றில் புள்ளிகள் முக்கோணமாக இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கையிலிருந்ததில் மூன்றும் ஒரே கோட்டில், கொஞ்சம் கோணலாக. அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? காயை வெகு நேரம் முகர்ந்தார்.

"அவ கைதான் அத்த," என்றார். "இன்னும் ஒரு வருசம் பாப்போம்."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பச் சொல்லி இவ்வளவு நாள் மல்லுக்கட்டியவர், ஒருவர் நம்புகிறேன் என்றதும் உடைந்துபோனார். "இல்ல மாப்ள. அவ முக்கோணமா குத்துவா. எனக்குக் கண்ணு சரியா தெரியல," என்று அழுதார். அழுது முடித்ததும், "நாள் குறிங்க," என்றார்.

படையலுக்கு அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். நான் தனிப் போத்தலைத் திறந்து, அவள் கை பட்ட காய்களைக் கீறி ஒரு கேக் போட்டேன். காய்கள் கொஞ்சமும் காயாமல் விரலில் சுற்ற வளைந்தன. வாழையிலையில் வடைக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

அதற்கடுத்த வருடமும் கொடி நிறையப் பூத்தது. அம்மா தினமும் காலையில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வருவார். பூக்கள் மதியத்துக்குள் வாடி உதிர்ந்தன. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.