எண்ணெய் தடவிய பந்து

பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2006ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு காலையில் என்னால் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லும் என் சாட்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த ஆண்டு கடலூரில் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா. எங்கள் தெருவில் இளவட்டங்கள்கூட சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எனக்குக் காய்ச்சல் நான்கு நாளில் விட்டது. வலி விடவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கின. மணிக்கட்டுகள் உப்பிக் கிடந்தன. விரல்கள் மடங்கவே இல்லை. அன்றைக்கு டம்ளர் நழுவி, டீ மேலெல்லாம் கொட்டியது. சூடு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. என் வலது கையைப் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் மெர்சி. பேஸ்கட்பால் ஆடியவள். பொழுதுபோக்குக்கு இல்லை, அதுதான் என் வேலையாக இருந்தது. 2004இல் சிதம்பரத்தில் கல்லூரி முடித்ததும் ஒரு கம்பெனியின் பெண்கள் அணியில் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆட்டத்தைப் பார்த்து வேலையை நீட்டிப்பார்கள். ஆடவில்லை என்றால் இடம் இல்லை.

எனக்கு உயரம் கிடையாது. ஓட்டமும் சுமார்தான். தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று, தூரத்தில் நின்று வளையத்துக்குள் போடுவது. ஒற்றைக் கையில் பந்தை ஏற்றி, கடைசியில் மணிக்கட்டை ஒரு சொடுக்கு. நம் பக்கத்து மைதானங்களில் வளையத்துக்கு வலை இருக்காது. ஒரு மழைக்காலத்தில் நைந்து போகும், அப்புறம் யாரும் மாற்ற மாட்டார்கள். நான் போடும் பந்து கம்பியைத் தொடாமல் உள்ளே போய்விடும். சத்தமே வராது. விழுந்ததா, வெளியே போனதா என்று பார்க்கிறவர்களுக்குள் சண்டை வரும். சிதம்பரத்துப் பிள்ளைகள் எனக்கு ‘சைலன்ட் மெர்சி’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவு பிடிக்கும். சபையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போதும் உள்ளே அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டவருக்குத் தெரியாததா, உங்களிடம் மறைக்க?

என் வீட்டுக்காரரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே வந்து பார்த்திருக்க மாட்டீர்கள், வாசலில் பார்த்திருப்பீர்கள். குமரவேல். மீனவக் குடும்பம். சுனாமியில் அவர்கள் படகு போனபிறகு துறைமுகத்தில் மீன் இறக்கும் வேலைக்குப் போனார். 2005இல் எங்களுக்குக் கல்யாணம். அவர் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்னை இங்கே இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் பேப்பர் படிப்பார். ஆராதனை நீண்டால் வண்டியில் ஹாரன் அடிப்பார். பாஸ்டர் அந்த ஹாரனைக் கேட்டுத்தான் பிரசங்கத்தை முடிக்கிறார் என்று நாம் கேலி செய்வது பாஸ்டருக்கும் தெரியும்.

கதைக்கு வருகிறேன். டாக்டர் பார்த்துவிட்டு, மெல்லத்தான் போகும், மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு வருஷமும் ஆகும் என்றார். கம்பெனி மேனேஜர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். கிளம்பும்போதுதான் வாசற்படியில் நின்று சொன்னார்.

“பொங்கல் கழிச்சி சிதம்பரத்துல டோர்னமென்ட் இருக்குதும்மா. அதுக்குள்ள நீ எறங்கிடணும். இல்லன்னா வேற பொண்ண பாக்கச் சொல்றாங்க. தப்பா நெனச்சுக்காத.”

அவர் போனபிறகு ஆப்பிளை நறுக்கக்கூட என்னால் முடியவில்லை. கத்தி கையில் நிற்கவில்லை. பந்தும் போய்விட்டால் நான் யார்?

ஜெபம் பண்ணலாம் என்றால் முழங்கால் போட முடியாது. கை கூப்ப முடியாது. விரல் ஒன்றோடொன்று சேராது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்கிறேன், உண்மையில் அது சண்டை. “என் பழைய கையைத் திருப்பிக் கொடும். வேறு ஒன்றும் வேண்டாம். இந்தக் கைதானா கிடைத்தது உமக்கு?” தினமும் இதே பேச்சு. நீங்களும் எனக்காக எவ்வளவு ஜெபித்தீர்கள். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தீர்கள். என் வீட்டுக் கூடத்தில் இடம் இல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து பாடினீர்கள். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

கார்த்திகையில் முழங்கால் சரியானது. ஓட முடிந்தது. விரல்கள் பந்தைப் பிடித்தன. ஆனால் மணிக்கட்டு மட்டும் பின்னால் வளையவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சாயங்காலம் அங்கே போய்ப் போட்டுப் பார்ப்பேன். பந்து வளையத்துக்குப் பாதி தூரம்கூடப் போகாது. வேலை முடித்து, மீன் வாடையோடு நேராக வந்து, அவர்தான் பந்தை ஓடி ஓடி எடுத்துக் கொடுப்பார். ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு எழவும் தெரியாது. கோட்டுக்கு மேலே நிற்பதா, பின்னால் நிற்பதா என்பதுகூடத் தெரியாது. “இன்னும் கொஞ்சம் தூக்கிப் போடு மெர்சி” என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “நீ வந்து தூக்கேன் மாமா” என்று எரிந்து விழுவேன். பாவம், மறுநாளும் வருவார்.

இனி ரூத் அக்காவைப் பற்றி. அக்கா, நீங்கள் முன் வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து அப்படியே மைதானத்துக்குப் போகலாம் என்று பந்தைப் பையில் போட்டு, பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தேன். நான் கண் மூடிப் பாடிக்கொண்டிருந்த நேரம், அக்கா பையைத் திறந்து, ஜெபித்த எண்ணெயைப் பந்து முழுக்கத் தடவிவிட்டார்கள். ஒரு சொட்டு வைத்தால் போதாதா? அக்காவுக்கு எதிலும் கை தாராளம். பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் பையை மூடினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மைதானத்தில் பந்தை எடுத்தேன். வழுக்கி என் கால் மேல் விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. இருக்கிற வலி போதாதென்று இது வேறா?

“யாரு மாமா இதுல எண்ண ஊத்தனது?”

அவர் பந்தை முகர்ந்து பார்த்தார். “உங்க சர்ச்சு வாசன வருது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தைக் காலால் உதைத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். “போதும் மாமா. நாளைக்கே கம்பெனியில சொல்லிடறேன். என்னால முடியல” என்று விக்கி விக்கி அழுதேன்.

அவர் பந்தை எடுக்கப் போனார். அவர் கையிலும் வழுக்கியது. துறைமுகத்தில் மீன்கூடையை எப்படி இறக்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும் கூடையை மேலே பிடித்தால் நழுவும். இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, கால்களுக்கு நடுவே ஒரு ஆட்டு ஆட்டி, படகிலிருந்து கரையில் நிற்கிறவனுக்கு மேலே அனுப்புவார்கள். அவர் பந்தையும் அப்படித்தான் எடுத்தார். எடுத்த வேகத்தில், எனக்கு அனுப்புவதற்குப் பதிலாக வளையத்தைப் பார்த்து அனுப்பினார். விளையாட்டுக்குத்தான். பந்து மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, கம்பியைத் தொடாமல் உள்ளே விழுந்தது.

இன்னொரு முறை போட்டார். அதுவும் விழுந்தது. மூன்றாவது வெளியே போனது. நான்காவது விழுந்தது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். “நீயும் போடு, வா” என்றார். அங்கேதான் என் சிரிப்பு நின்றது.

“அய்ய, இது சின்னப் புள்ளைங்க போடற மாரி இருக்குது. பாத்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. மீன எறக்கறப்ப எங்களப் பாத்து எவன் கைதட்னான்? கூட மேல போச்சா இல்லியா, அவ்ளோதான்.”

வேண்டா வெறுப்பாகத்தான் எழுந்தேன். பந்துக்கு அடியில் இரண்டு கையையும் மல்லாத்தி வைத்தேன். மணிக்கட்டு வளைய வேண்டிய அவசியமே இல்லை. தோளிலிருந்து ஒரு ஆட்டு, அவ்வளவுதான். வலிக்கவில்லை. பந்து வளையம் வரை போனது.

ஆட்டத்தில் ஓடிக்கொண்டே இப்படிப் போட முடியாது, தட்டிவிடுவார்கள். ஆனால் எதிரணி தப்பாக மோதினாலோ கையைத் தட்டினாலோ, பதினைந்தடிக் கோட்டில் தனியாக நின்று போட நமக்கு வாய்ப்பு கொடுப்பார்கள். ஃப்ரீ த்ரோ என்பார்கள். யாரும் மறிக்க மாட்டார்கள். அங்கே இப்படிப் போடலாம், விதியில் தடை இல்லை. ஒரு மாதம் யாருக்கும் தெரியாமல் பழகினேன். இருந்தாலும் மனதுக்குள் ஒரு முடிவு வைத்திருந்தேன்: நாலு பேர் பார்க்க இதைச் செய்ய மாட்டேன். அதற்குள் ஆண்டவர் பழைய கையைக் கொடுத்துவிடுவார்.

கொடுக்கவில்லை. 2007, பொங்கல் முடிந்து சிதம்பரம். என்னை அணியில் சேர்த்தார்கள், ஆனால் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, அணிக்கே மீன்குழம்பு எடுத்துக்கொண்டு, கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். கடைசி இரண்டு நிமிடத்தில் எங்கள் கேப்டன் தேன்மொழி ஐந்து தப்பு ஆனதால் விதிப்படி வெளியே வந்தாள். இன்னொருத்திக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. கோச் மேடம் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

“மெர்சி, போ. பந்த வாங்கவேணாம். சும்மா குறுக்க நில்லு, போதும்.”

நான் இறங்கியதுமே எதிரணிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல். “அந்த சிக்குன்குனியாவ வுட்டுடு, அது ஒண்ணும் பண்ணாது!”

இரண்டு பக்கமும் சமமான பாயிண்ட். சில விநாடிகள்தான் பாக்கி. யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதால் நான் வளையத்துக்கு அடியில் தனியாக நின்றேன். பந்து எனக்கு வந்தது. ஒருத்தி ஓடிவந்து என் கையிலேயே ஒரு தட்டு தட்டினாள். உயிர் போனது. விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ.

கோட்டில் போய் நின்றேன். கூட்டத்தில் பழைய ஆட்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். “சைலன்ட் மெர்சி! சைலன்ட் மெர்சி!” என்று கத்தினார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது. பந்தை நெற்றிக்கு மேலே பழையபடி ஏற்றினேன். ஒற்றைக் கையால் போட்டேன். வளையத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. என் பேருக்கு ஏற்ற அமைதி.

நடுவர் பந்தை இரண்டாம் முறை நீட்டினார். கையில் எடுத்தால் ஐந்து விநாடிக்குள் போட்டுவிட வேண்டும். கம்பி வேலி ஓரமாக என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. டிபன் கேரியரைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் மல்லாத்தி, காலுக்கு நடுவே ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினார். அத்தனை பேருக்கு நடுவில், வெட்கமே இல்லாமல்.

அன்றைக்குத்தான் நான் உண்மையாக ஜெபித்தேன். கையைக் கேட்கவில்லை. பந்து விழ வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. “ஆண்டவரே, இவர்கள் சிரிக்கப் போகிறார்கள். தாங்க பெலன் தாரும்.” அவ்வளவுதான் சொல்ல நேரம் இருந்தது.

கையைக் கீழே இறக்கினேன். சிரித்தார்கள். எதிரணிப் பெண்கள், கூட்டம், எங்கள் பெஞ்சிலும் ஒருத்தி. மல்லாந்த என் இரண்டு கைகளும் கண்ணில் பட்டன. ஐந்து மாதம் நாற்காலியில் இப்படித்தானே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்? ஆட்டி அனுப்பினேன். பந்து ஏறியது. இறங்கியது. சத்தம் இல்லை. விழுந்ததா, இல்லையா என்று நானே நடுவரின் கையைத்தான் பார்த்தேன். ஒரு விரலைக் காட்டினார். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

அன்று மாலை அதே மேனேஜர் மீன்குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டே, “அடுத்த வருஷமும் வந்துடும்மா” என்றார்.

மணிக்கட்டு சரியாக இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. தூரத்திலிருந்து ஒற்றைக் கையில் போடுவதும் திரும்பி வந்தது. கேட்டது கிடைத்தது, தாமதமாக. ஆனால் ஃப்ரீ த்ரோவை மட்டும் கடைசி வரை கீழிருந்துதான் ஆட்டிப் போட்டேன். கோச் மேடம் எவ்வளவு கெஞ்சியும் மாற்றவில்லை. சைலன்ட் மெர்சி போய் ‘மீன்கூடை மெர்சி’ ஆனேன். கேலியாக வைத்த பெயர்தான். எனக்கு என்னவோ இதுதான் சொந்தப் பெயர் மாதிரி இருக்கிறது. ரூத் அக்கா இன்றைக்கும் என்னைப் பார்த்தால், “எண்ண வேல செஞ்சுதா இல்லியாடி?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல? செய்ததே!

தானே புயலில் அந்தப் பள்ளிக்கூட மைதானத்து வளையம் தூணோடு சாய்ந்தது. இந்த ஆண்டு, 2012இல், நானும் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டேன். எட்டு வருஷம் என்னை ஆட வைத்தவருக்கு நன்றி சொல்லத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். இப்போது என்னால் நன்றாகக் கை கூப்ப முடியும். ஆனாலும் வீட்டில் தனியாக ஜெபிக்கும்போது கையை மல்லாத்தித்தான் வைக்கிறேன். பழகிவிட்டது.

உங்களில் யாராவது கை கூப்பக்கூட முடியாத நிலையில் இருக்கலாம். கூப்ப வேண்டாம். அப்படியே விரித்து வையுங்கள். சண்டை போட வேண்டும் என்றால் போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பதில் நீங்கள் எதிர்பார்க்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். என் பதில் இந்தச் சபைக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. மீன் வாடையோடு டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

எழுதும்போதே எனக்குத் தெரியும், இந்த இடத்துக்கு வரும்போது வெளியே ஹாரன் அடிக்கும். கேட்கிறதா?

அதுதான் என் சாட்சி.