சந்தனப் பொட்டு வைத்த கணினி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். ஆனால் போவதற்குள் யாரையாவது ஒரு சொல் சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்ன ஒன்று இன்னும் உறுத்துகிறது.

பாளையம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. எந்த மெஷின் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பதையெல்லாம் கோயம்புத்தூரில் இருக்கும் மேனேஜர் தன் திரையில் படமாகப் பார்ப்பார். டேஷ்போர்டு என்பார்கள். அரை மணிக்கு ஒருதரம் அதில் புது விவரம் ஏற வேண்டும். எங்கள் ஆபீஸ் மூலையில் கிடக்கும் ஒரு பழைய கணினிதான் அதை ஏற்றி அனுப்பும். வருடம் முழுக்க அதை யாரும் அணைப்பதில்லை. நான்கூட என் மேஜையிலிருந்தே அதற்குள் போய் வேலை பார்த்துவிடுவேன்.

ஆபீஸைக் கூட்டித் துடைத்து, டீ கொண்டு வந்து தருகிற அக்கா பந்தல்குடிப் பக்கத்துக்காரர். இரண்டு பஸ் மாறி வருவார். என்னைத் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார். போன வருடம் இது நடந்தபோது ஐந்து வருடமாகத் தினக்கூலி. நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியல் அடுத்த வாரம் வரவிருந்தது, அதில் அவர் பெயரும் இருக்கும் என்று பேச்சு. வந்துவிட்டால் மில் வேனிலேயே வீட்டுக்குப் போகலாம். அந்த வேனைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், "எல்லாத்தையும் தொடைச்சுப் பொட்டு வச்சிருங்கக்கா" என்று சொல்லிவிட்டு நான் திருச்சுழி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் எங்கள் மில்லில் அவர் குழைக்கிற பதத்துக்குச் சந்தனம் குழைக்க ஆள் கிடையாது.

பூஜை முடிந்து மறுநாள் காலையில் வந்து பார்த்தால் டேஷ்போர்டு அப்படியே நிற்கிறது. சிவப்பு எழுத்தில் ஒரு பிழை: பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது. இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் முன் ஒன்று மற்றொன்றிடம் தன் சான்றிதழைக் காட்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். கோயம்புத்தூர்க் கணினி காட்டிய சான்றிதழை எங்கள் மூலைக் கணினி ஏற்க மாட்டேன் என்கிறது. எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஏழு மாதம் உயிர் இருந்தது. மறுபடி நிறுவினேன். அதே பிழை. மென்பொருளை மூடித் திறந்தேன். அதே பிழை.

"அந்தச் சான்றிதழ்ச் சோதனையையே ஆஃப் பண்ணிடுங்க மேடம், ஓடிரும்" என்றார் கோயம்புத்தூரில் கணினி பார்க்கிறவர். வாசல் கதவைக் கழற்றி வைக்கச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. முடியாது என்றேன். அடுத்து மேனேஜரே பேசினார். "பூஜை சமயத்துல யார் அங்க கை வச்சது? பேரை மெயில்ல அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் எழுந்து மூலைக்குப் போனேன். கணினிப் பெட்டியின் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"அக்கா, இத அணைச்சீகளா?"

"ஆமா தாயி. வருசம் பூரா உர்ருனு ஓடிக்கிட்டே கெடக்கு, பாவம். அருவா மம்பட்டிக்கே அன்னைக்கு லீவு குடுக்குறோம். அதான் பிளக்கப் புடுங்கி வச்சேன். இன்னைக்கு வந்ததும் மாட்டிட்டேன்."

"ஒங்கள யாரு அதத் தொடச் சொன்னது?"

ஆபீஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அக்கா ஓர் அடி பின்னால் நகர்ந்தார். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"தொடக் கூடாதுன்னு தெரியாமப் போச்சு மேடம்" என்றார்.

மேடம். நான் போய் உட்கார்ந்து மெயிலைத் தட்டத் தொடங்கினேன். 'அனுமதி இல்லாமல் அணைத்தவர்' என்று போட்டு அவர் பெயரையும் அடித்துவிட்டேன். நிமிர்ந்தால், அக்கா ஈரத்துணியால் பெட்டியின் பொட்டை அழித்துக்கொண்டிருந்தார். குங்குமம் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். சுத்தமாக அழிந்ததும் என் மேஜைக்குக் கொஞ்சம் தள்ளியே வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லவா மேடம்? காலையில பிளக்க மாட்டுனதும் அதோட டிவியில ஒரு தேதி வந்துச்சு. எம்மக சமஞ்ச வருசம். அத எப்படி மறப்பேன்? கம்பூட்டர்ல அப்படித்தான் வரும்போலன்னு விட்டுட்டேன். அதுவும் நான் கெடுத்ததுதானோ?"

திரையில் இடம் வேண்டுமென்று கடிகாரம் இருக்கிற கீழ்ப்பட்டையை நான்தான் மறைத்து வைத்திருந்தேன். இழுத்துப் பார்த்தேன். அந்தக் கணினி எத்தனையோ வருடம் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. அதன் கணக்குக்கு, கோயம்புத்தூர்ச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிறகு எப்படி ஏற்கும்? தேதியைத் திருத்திவிட்டுப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு போய், மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன.

பிளக்கைப் பிடுங்கினாலும் தேதி மறக்காமல் இருக்கக் கணினிக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது தீர்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று பழுது பார்க்க வந்தவர் அதற்கு முந்தின வருடமே சொல்லியிருந்தார். "இத யாரு அணைக்கப் போறா?" என்று அவரை அனுப்பி வைத்தது நான். துடைக்கச் சொன்னதும் நான்.

மெயில் இன்னும் திறந்தே இருந்தது. அக்காவின் பெயர் அதில் இருந்தது. எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா மிளகாய்க் காட்டுக்குக் கூலிக்குப் போனவள். தொடாதே, தொடாதே என்று கேட்டே வளர்ந்தவள். இன்றைக்கும் அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் சேலையைத் தொட்டுப் பார்க்க மாட்டாள். தள்ளி நின்று விரலை நீட்டி, "அது என்ன வெல?" என்பாள். அவள் வயிற்றில் பிறந்த நான் அந்தச் சொல்லையே எடுத்து இன்னொருத்தர் மேல் வீசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பேட்டரியை மாற்றாதது நான், அணைக்கக் கூடாது என்று சொல்லாமல் போனதும் நான், பழுதைக் கண்டுபிடித்தவர் அக்கா என்று மூன்று வரி எழுதி அனுப்பினேன். அக்காவிடம் போய், "தப்பா பேசிட்டேன்க்கா, மன்னிச்சிருங்க" என்றேன். "அதனால என்ன மேடம்" என்று டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பட்டியலில் அக்கா பெயரும் வந்தது. வேனில் ஜன்னலோர இடம் அவருக்கு. ஆனால் வருடம் முழுக்க 'மேடம்' போகவில்லை. மூலைக் கணினியைச் சுற்றிப் பெருக்குவார், பெட்டியில் தூசி படிந்தாலும் கை வைக்க மாட்டார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் பஸ்ஸுக்கு ஓடவில்லை. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு எல்லா மேஜைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, மூலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"தொடலாமா மேடம்?"

என் மன்னிப்பு அவரிடம் போய்ச் சேரவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கீழே குனிந்து, கணினியை முறைப்படி அணைத்து, பிளக்கை நானே பிடுங்கினேன்.

"புது பேட்டரி போட்டாச்சுக்கா. நாளைக்கு இதுக்கும் லீவு. நீங்கதான் பொட்டு வைக்கணும்."

அக்கா கொஞ்ச நேரம் பிளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பெட்டியின் தூசியை உள்ளங்கையால் வழித்தார். கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார்.

"நகரு தாயி" என்றார். "வெளிச்சத்த மறைக்காத."