வள்ளத்தில் நாலாவது ஆள்

போன வாரம் மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு முகத்தைப் பார்த்தேன். இன்னும் அது என்னை விட்டபாடில்லை.

வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சான் — என் மனைவியின் அண்ணன் — கையில் புது போன். நூறு மடங்கு ஜூமாம். வந்ததிலிருந்து அதே பேச்சு. என் போனைப் பார்த்து ஒரே நக்கல்.

"இது ஆதாம் வச்சிருந்த போனா, மாப்பிளே?"

ரோஷம் வராதா? கோட்டாறில் ஒரு கடையில் அதே மாடலைத் தவணைக்குப் பேசி முடித்துவிட்டேன். மறுநாள் போய் வாங்குவதுதான் பாக்கி.

அன்று கடற்கரையில், வழக்கமாக எங்களுக்கு மீன் தரும் ஸ்டெல்லா, காலிக் கூடையை மணலில் போட்டுவிட்டுக் கடலையே பார்த்து நின்றாள். காலையில் திரும்ப வேண்டிய வள்ளம், மதியமாகியும் வரவில்லை. காற்று வேறு பலத்து அடித்தது. வள்ளத்தில் அவள் கணவர் ஆன்றனியையும் சேர்த்து நாலு பேர்.

"போன் போட்டா எடுக்கல்ல சாரே. ஈரக்கொல நடுங்குது."

தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. வள்ளம்தான். ஆனால் உள்ளே யார் யார்?

என் போனில் படம் எடுத்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ அழுக்கு மாதிரி இருந்தது. மச்சான் சிரித்துக்கொண்டே தன் போனை நீட்டி, ஜூம் செய்து எடுத்தார். முதலில் கலங்கலாக வந்தது. பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... தெளிந்தது. நாலு ஆட்கள். கடைசித் தலையில் சிவப்புத் துவர்த்து. எங்கள் பக்கம் துண்டுக்கு அதுதான் பெயர். துவர்த்துக்குக் கீழே ஒரு முகம். கண், மூக்கு, லேசாக ஒரு சிரிப்புகூட!

"மாதாவே! அவருக்க துவர்த்து... அவராக்கும் சாரே!"

ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். அந்த முகத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மச்சானுக்கு, அந்த போனைத் தானே செய்தது போல் பெருமை.

வள்ளம் கரைக்கு வந்தது. இறங்கியது மூன்று பேர்.

நாலாவது ஆள் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தண்ணீர் கேன். அதன் கழுத்தில் சிவப்புத் துவர்த்து.

ஸ்டெல்லா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. போனைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"அப்ப இது ஆரு?"

வழியில் வேறொரு வள்ளத்தின் எஞ்சின் நின்றுவிட்டதாம். அதைப் பழுதுபார்க்க, துவர்த்தைக் கேனில் கட்டிவிட்டு ஆன்றனி அதில் ஏறிக்கொண்டாராம். வந்தவர்கள் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். போனில் இருந்தவன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி போன்கள், தெரியாததைத் தெரியாது என்று விடுவதில்லை. இப்படித்தான் இருக்கும் என்று தாமாகவே வரைந்து நிரப்பிவிடுகின்றன. தலை மாதிரி ஏதோ தெரிந்ததா... முகம் வைத்துவிட்டது. இதற்கா இத்தனை காசு?

பொழுது சாயும் நேரம் அந்த இன்னொரு வள்ளத்தில் ஆன்றனி வந்து சேர்ந்தார். நனைந்து, களைத்து... ஆனால் முழுசாக. ஸ்டெல்லா அவர் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, தாடி. "நீருதானே? நீருதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சான் சும்மா இருந்திருக்கலாம். ஆன்றனியிடம் படத்தைக் காட்டினார். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எனக்க எடத்துல இருக்கானே... ஆரு சாரே இவன்?"

மச்சான் அங்கேயே அந்தப் படத்தை அழித்தார்.

மறுநாள் கோட்டாறுக்குப் போனேன் — பழைய போனுக்குப் பேட்டரி மாற்ற. கூப்பிட்டால் பேசுகிறது, காசு அனுப்புகிறது, தெரியாததை அழுக்காகவே காட்டுகிறது. வேறென்ன வேண்டும்?

கடையில் நிற்கும்போதே மச்சான் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"மாப்பிளே, அழிச்ச மொகம் போட்டோ ஆல்பத்துல திரும்ப வந்திருக்கு. இவரு ஆரு, பேரு போடுங்கன்னு போன் கேக்குது... என்னத்தப் போட?"

"தண்ணி கேன்னு போடும்" என்றேன்.

இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.