கூடையை எடுத்தது யார்

கும்பகோணத்தில் உப்புத்தண்ணீர்க் கண்ணாடித் தொட்டியில் மீன் செத்தால் சௌந்தரநாயகிக்குத்தான் போன் வரும். ஏன் செத்தது என்று கேட்டால், அதற்கும் அவளைத்தான் கைகாட்டுவார்கள்.

நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் பிறந்தவள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு கும்பகோணம் வந்து, பத்து வருஷம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். தாராசுரம் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர், தன் வரவேற்பறைத் தொட்டியில் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதைத் தாங்காமல், கடல்காரங்க உங்களுக்குத் தெரியாததா என்று அவளைக் கூட்டிப்போனார். உண்மையில் அவளுக்குத் தெரியாது. வலையில் ஏறிய மீனைத்தான் அவள் அறிவாள். ஆனால் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாள். எந்தப் பாறை யாருக்குச் சொந்தம், யார் யாரை எதுவரை துரத்துகிறான் என்பதெல்லாம் பிடிபட்டது. நாலாம் நாள் பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினாள். பழைய பட்டா செல்லாமல் போனதும், ரவுடி மீனுக்குத் தன் வீட்டைத் தேடவே பொழுது சரியாக இருந்தது. சண்டை அடங்கிவிட்டது.

அப்படி ஆரம்பித்த தொழிலில் இப்போது அவள் கையில் நான்கு தொட்டிகள். அதில் ஒன்று டாக்டர் ரவிசங்கரின் மருத்துவமனையில்; இன்னும் இரண்டு அவர் சொல்லிக் கிடைத்தவை. டாக்டரின் மருத்துவமனை குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கானது. அங்கே நிர்வாகம் அவர் மனைவி ரோஹிணி. ரோஹிணி போட்ட ஒரே சட்டம், தொட்டியில் எல்லாம் ஜோடியாக இருக்க வேண்டும் என்பது. ஒற்றை மீன் கண்ணில் பட்டால் வருகிறவர்கள் மனது என்ன பாடுபடும் என்பாள்.

ஆரஞ்சில் வெள்ளைக் கோடு போட்ட ஜோடி ஒழுங்காகத்தான் இருந்தது. வம்பு, அங்கே ஒற்றையாக இருந்த நீலமீனால். எட்டணாக் காசு அளவில் வந்து, ஆறு வருஷத்தில் உள்ளங்கை அகலம் வளர்ந்துவிட்டது. வாலடியில் இரண்டு பக்கமும் மடக்குக்கத்தி மாதிரி ஒரு முள். நாலடித் தொட்டியில் தன் இனத்தில் இன்னொன்று வந்தால் அது விடாது. இதைச் சௌந்தரநாயகி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். காது கொடுக்க ஆளில்லை. சென்னையிலிருந்து ஜோடி சேர்க்க ஒன்று வரும், துடுப்பு கிழிந்து மூலையில் ஒண்டும், சாகும். இப்படி நான்கு செத்தன.

ஐந்தாவதை அவள் தொட்டிக்குள் நேரே விடவில்லை. அரிசி களையும் பிளாஸ்டிக் கூடை ஒன்றை மூடி போட்டு, தொட்டியின் மூலையில் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிட்டு, புதியதை அதற்குள் விட்டாள். பழையது கூடையை முட்டும், முட்டிச் சலிக்கும், பத்து நாளில் பழகினாலும் பழகும். அதுவரை யாரும் கூடையைத் தொடக் கூடாது என்று வரவேற்பில் இருந்த பிரதீபாவிடம் எழுதியே கொடுத்தாள்.

நாலாம் நாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் கூடை குப்பைத்தொட்டி பக்கத்தில் கிடந்தது. மீன் செத்து மிதந்தது.

அதே வாரம் வெள்ளிக்கிழமை ஆறாவது மீன் வந்து இறங்கியிருந்தது. காத்திருப்போர் கூடம் நிறைந்திருக்க, ரோஹிணி அத்தனை பேர் முன்னாலும் அவளை நிற்கவைத்துக் கேட்டாள். கூடையை அவளே எடுத்து மீனைத் திறந்துவிட்டிருப்பாள், அவசரத்தில் மறந்திருப்பாள் என்றாள். பிறகு சொன்னாள்:

"மீன் வெட்டின கைதானே. வளக்க எப்படி வரும்?"

சௌந்தரநாயகிக்கு உடம்பு பற்றி எரிந்தது. டாக்டரின் மீன்களைக் கொன்றவள் என்று பெயர் கிளம்பினால் மற்ற தொட்டிகளும் கையை விட்டுப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். பிரதீபாவைப் பார்த்தாள். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கொலகார மீனத் தூக்கிப் போட்டுட்டு, புதுசா ரெண்டா விட்டுடு" என்றாள் ரோஹிணி.

"அது கொலகாரன் இல்ல மேடம். கடல்ல துரத்தினா ஓடறதுக்கு எடம் இருக்கு. துரத்தறதும் கொஞ்ச தூரம் போயி திரும்பிரும். நாலடி பொட்டில அடச்சு வெச்சது நாம. பழிய மட்டும் அது தலையில போடறீங்க."

"எனக்குப் பாடம் எடுக்காத. கூடைய எடுத்தது யாருன்னு சொல்லு."

அந்தக் கூடத்தின் சுவரெல்லாம் குழந்தைப் படங்கள். அவற்றைப் பார்க்க முடியாத பெண்கள் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி அம்சம். நீடாமங்கலத்திலிருந்து இரண்டு வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் ரயிலேறி ஊசி போட்டுக்கொள்ள வருகிறாள். தொட்டிக்கு எதிர் நாற்காலிதான் அவளுக்கு. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பாள். அம்சம் அங்கே வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிய போட்டோ எடுக்க வந்தாங்க" என்றாள் அம்சம். "கூடை அசிங்கமா இருக்கு, எடுன்னு மேடம்தான் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கற அந்தப் பொண்ணு எடுத்துச்சு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

மாமியார் அவள் தொடையைக் கிள்ளினாள். அம்சம் தொடையை நகர்த்திக்கொண்டாளே தவிர, சொன்னதை மாற்றவில்லை. வேறு இரண்டு பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ரோஹிணியின் முகம் சிவந்தது. மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் புழங்குவதில்லை போலும். "என்னமோ பண்ணித் தொல. அந்தப் புது மீன எங்கயாவது கொண்டு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சௌந்தரநாயகி ஆட்டோ பிடித்து, ஆறாவது மீனை ஓட்டல் தொட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே அதன் இனத்தில் வேறு மீன் கிடையாது. இரண்டு மணிக்குத் திரும்பிவந்தபோது கூடம் காலியாக இருந்தது. அம்சமும் மாமியாரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அம்சத்துக்குப் பின்னால் டோக்கன் வாங்கியவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது.

சௌந்தரநாயகி நேரே பிரதீபாவிடம் போனாள். "இவங்க நம்பர் எத்தன? கூப்பிடு. கூப்பிடற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

பிரதீபா எழுந்து உள்ளே போனாள்.

நீலமீன் பாறையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அம்சம் கேட்டாள்: "தனியாவே கெடந்தா அதுக்கு ஏக்கமா இருக்காதாக்கா?"

"அதுக்கு ஒண்ணுமில்லம்மா. பாக்கறவங்களுக்குத்தான் பொறுக்கல."

உள்ளிருந்து அம்சத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனதும், குப்பைத்தொட்டி பக்கத்தில் இன்னும் கிடந்த கூடையைச் சௌந்தரநாயகி எடுத்துக் கழுவினாள். உள்ளே விட மீன் எதுவும் இல்லை. இருந்தாலும் அதைத் தொட்டியின் மூலையில், பழைய இடத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இறுக்கிக் கட்டினாள். முடிச்சு கடல்காரர்கள் போடும் முடிச்சு, லேசில் அவிழாது.